மதச்சார்பின்மை: சாராமல் இருக்க வேண்டியது யார்?

செப்டம்பர் 8, பெங்களூரு சிவாஜி நகர் ஆரோக்கிய மாதா கோவில் திருவிழா. தேர் பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப் பேர் காவிப் புடவை, காவி வேட்டி. கையில் மெழுகுவர்த்தி, மல்லிகைப் பூ. என்னோடு வந்த அக்கா மகன் சொன்னான்: "மாமா, நான் செக்குலர். வெள்ளிக்கிழமை முருகன் கோவில், இன்னைக்கு மாதா கோவில், எல்லா இடத்துக்கும் போவேன்." பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நின்ற பெரியவர் உடனே திருத்தினார்: "தம்பி, செக்குலர்னா சாமியே இல்லைங்கிறவங்கப்பா." வீடு திரும்பி இதை மாடி வீட்டுக்காரரிடம் சொன்னால், அவர் மூன்றாவதாக ஒரு அர்த்தம் வைத்திருந்தார்: ஒரு மதத்துக்காரர்களுக்கு மட்டும் பரிந்து பேசுவதற்குத்தான் அந்தப் பெயராம்.

ஒரே நாளில் மூன்று அர்த்தங்கள். மூவருமே படித்தவர்கள், தினமும் செய்தி பார்ப்பவர்கள். மூவரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. அந்தச் சொல்லை ஒரு மனிதரின் குணமாக எடுத்துக்கொள்கிறார்கள். மதச்சார்பின்மை முதலில் அரசுக்கான விதி. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றது தானாகப் புரியும். அதைத்தான் இங்கே மெதுவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

சொல்லிலேயே இருக்கும் சிக்கல்

'மதச்சார்பின்மை' என்ற தமிழ்ச் சொல்லில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. சாராமல் இருக்க வேண்டியது யார் என்று அது சொல்வதில்லை. அதனால் கேட்பவர்கள் தங்களையே அந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்: 'நான் பழனிக்கு மாலை போடுகிறேனே, அப்போது நான் மதச்சார்பற்றவன் இல்லையா?' தாராளமாக மாலை போடலாம். கேள்வி உங்களைப் பற்றியதே இல்லை.

'செக்குலர்' என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதன் மூலச் சொல்லுக்குத் தலைமுறை, காலம் என்று பொருள். பிறகு 'இந்த உலகத்தைச் சேர்ந்தது' என்று விரிந்தது. தமிழில் நெருக்கமான சொல் 'உலகியல்'. சாலை, தண்ணீர், வரி, வாடகை எல்லாம் உலகியல். முக்தி, பாவம், சொர்க்கம் எல்லாம் மதம். 1851-ல் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் என்ற இங்கிலாந்துக்காரர் இதை ஒரு கொள்கையின் பெயராக்கினார். நம் அரசமைப்பின் இந்தி வடிவத்தில் 'தர்ம நிரபேக்ஷ்' என்று போடவில்லை, 'பந்த் நிரபேக்ஷ்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். அறத்தை விட்டு விலகச் சொல்லவில்லை, சமயப் பிரிவுகளின் பக்கம் சாயாதே என்றுதான் சொல்கிறது.

முதலில் பஸ் கண்டக்டர்

சிவாஜி நகரிலிருந்து நான் ஏறும் பஸ்ஸின் கண்டக்டர் நெற்றி நிறைய விபூதி பூசியிருப்பார். டிரைவருக்கு முன்னால் கண்ணாடியில் ஒரு சாமி படம், அதற்கு ஒரு முழம் பூ. யாருக்கும் அதில் தொந்தரவு இல்லை. ஆனால் டிக்கெட் கிழிக்கும்போது அவர் 'நீங்க எந்தக் கோவிலுக்குப் போறீங்க?' என்று கேட்டு அதற்குத் தக்கபடி காசு வாங்க முடியாது. தொப்பி போட்டவருக்கு ஒரு விலை, குங்குமம் வைத்தவருக்கு ஒரு விலை கிடையாது. 2023 ஜூனில் கர்நாடகத்தில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோதும் அடையாள அட்டையில் பார்த்தது இரண்டுதான்: பெண்ணா, இந்த மாநிலத்தில் வசிப்பவரா.

கண்டக்டர் மதச்சார்பற்றவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் கையில் இருக்கும் டிக்கெட் கருவி இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சொல்லை வரையறுத்துக்கொள்வோம். அரசு என்று நான் சொல்வது ஆளும் கட்சியை இல்லை. பொதுப்பணத்தையும் பொது அதிகாரத்தையும் கையாளும் எல்லா இடங்களும் அரசுதான்: அமைச்சரகம், போலீஸ் நிலையம், அரசுப் பள்ளி, ரேஷன் கடை, இந்த பஸ். அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு இந்த விதி பொருந்தும். வேலை முடிந்து இறங்கிவிட்டால் அவர் தன் சாமியோடு தாராளமாக இருக்கலாம்.

அடுத்து எங்கள் அபார்ட்மென்ட்

நான் இருப்பது ராமமூர்த்தி நகர் பக்கம், 64 வீடுகள் கொண்ட குடியிருப்பு. இரண்டு வருடம் சங்கத்தின் பொருளாளராக இருந்தேன். ஒரு வருடாந்திரக் கூட்டத்தில் கணக்கு வாசித்தபோது 'விழாச் செலவு 48,000 ரூபாய்' என்று ஒரு வரி வந்தது. விநாயகர் சதுர்த்திக்குப் பந்தல், பூ, ஐயருக்குத் தட்சிணை, சுண்டல், கரைக்கக் கொண்டுபோகும் வண்டி. வருடா வருடம் அப்படித்தான், யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

தரைத்தளத்தில் இருக்கும் மலையாளி அம்மா எழுந்தார். கோபமே இல்லாமல்தான் கேட்டார். "போன டிசம்பர்ல கிறிஸ்துமஸ் கேரல் பாட வர்றவங்களுக்குக் கேக் வாங்க 6,000 ரூபாய் கேட்டேன். பொதுப்பணத்தை அதுக்குத் தர முடியாதுன்னு சொன்னீங்க. சரின்னு விட்டுட்டேன். இந்த 48,000 எந்தப் பணம் சார்?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. பதில் என்னிடம் இல்லை. பின்வரிசையில் ஒருவர் "எல்லாருந்தானே சுண்டல் சாப்பிட்டாங்க" என்றார். அந்த அம்மா கேட்டது சுண்டலைப் பற்றி இல்லை, மெயின்டெனன்ஸ் பணத்தைப் பற்றி. மெயின்டெனன்ஸ் நாம் விரும்பிக் கொடுக்கும் காணிக்கை கிடையாது, கட்டியே ஆக வேண்டியது, கட்டாவிட்டால் அபராதம் உண்டு.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினோம். மூன்று வழிகள் வந்தன, மூன்றும் உலகத்தில் பல நாடுகள் யோசித்த வழிகள்தான் என்று பிறகு புரிந்தது. ஒன்று, எல்லா மதத்துக்கும் வீடுகளின் எண்ணிக்கைப்படி பங்கு பிரித்துக் கொடுப்பது. கேட்கும்போது நியாயமாக இருந்தது. ஆனால் அதற்கு நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் 'நீங்கள் எந்த மதம்?' என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். நான்காவது மாடியில் கணவன் ஒரு மதம், மனைவி ஒரு மதம். ஏழாவது மாடியில் எந்த மதமும் இல்லை என்று சொல்லும் பையன். இவர்களை எந்தப் பங்கில் சேர்ப்பது? சங்கம் மக்களின் மதத்தைக் கணக்கெடுக்கத் தொடங்கினால் அதற்கு முடிவே இருக்காது. இரண்டாவது வழி, எந்த விழாவும் வேண்டாம், ஹாலைப் பூட்டிவிடலாம் என்பது. குழந்தைகள் முகத்தைப் பார்த்தபோது யாருக்கும் மனம் வரவில்லை.

மூன்றாவதைத்தான் எடுத்தோம். மெயின்டெனன்ஸிலிருந்து எந்த விழாவுக்கும் ஒரு ரூபாய் கிடையாது. கொண்டாட விரும்புகிறவர்கள் தனியாக வசூல் செய்துகொள்ளலாம், விரும்பினால் கொடுக்கலாம், கொடுக்காதவரின் பெயரைப் பலகையில் எழுதக் கூடாது. ஹால் எல்லோருக்கும் ஒரே வாடகை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி யாருக்கும் இல்லை.

இதுவரை பார்த்தது: கட்டாயமாக வாங்கும் பணமும் எல்லோருக்கும் சொந்தமான அதிகாரமும் எந்த மதத்தின் பக்கமும் சாயக்கூடாது. மனிதர்கள் தங்கள் கைக்காசில், தங்கள் நேரத்தில், விரும்பியபடி கும்பிடலாம், கும்பிடாமலும் இருக்கலாம்.

அரசமைப்பில் இது எங்கே இருக்கிறது?

'அந்தச் சொல்லை 1976-ல் எமர்ஜென்சியில் இந்திரா காந்தி நுழைத்தார்' என்று அடிக்கடி கேட்கிறோம். முகப்புரையைப் பொறுத்தவரை அது உண்மை, 42-வது திருத்தம். ஆனால் சொல் பிறகு வந்தாலும் விதி 1950-லேயே உள்ளே இருந்தது. 25 முதல் 28 வரையிலான பிரிவுகளை ஒருமுறை படித்தால் போதும், நம் அபார்ட்மென்ட் தீர்மானம் பெரிய அளவில் அங்கே தெரியும்.

25-வது பிரிவு எல்லோருக்கும் மனச்சான்றின் சுதந்திரம் தருகிறது. ஒரு மதத்தை ஏற்கலாம், கடைப்பிடிக்கலாம், பரப்பலாம். பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள் ஆகியவற்றுக்குக் கட்டுப்பட்டு. 26 மதப் பிரிவுகள் தங்கள் சமயக் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளும் உரிமை. 27-வது பிரிவுதான் அந்த மலையாளி அம்மாவின் கேள்வி: குறிப்பிட்ட ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று ஒதுக்கும் வரியைக் கட்டும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 28, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்கிறது. இன்னொரு விஷயம், 25-வது பிரிவின் இரண்டாவது உட்பிரிவில் 'செக்குலர்' என்ற சொல்லே 1950-லிருந்து இருக்கிறது, மதத்தோடு ஒட்டியிருக்கும் 'உலகியல் செயல்பாடு' என்ற பொருளில்.

இதற்கு உச்ச நீதிமன்றத்தின் பெரிய முத்திரை கர்நாடகத்திலிருந்து போன வழக்கில்தான் விழுந்தது. 1989-ல் எஸ்.ஆர். பொம்மை முதல்வராக இருந்த அரசை மத்திய அரசு கலைத்தது. அவர் தொடுத்த வழக்கு, 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு கலைக்கப்பட்ட மாநில அரசுகளின் வழக்குகளோடு சேர்ந்து 9 நீதிபதிகள் முன்னால் வந்தது. 1994 மார்ச்சில் வந்த தீர்ப்பு, மதச்சார்பின்மை அரசமைப்பின் அடிப்படைக் கூறு என்றது. அடிப்படைக் கூறு என்றால், நாடாளுமன்றம் நினைத்தாலும் திருத்தி எடுக்க முடியாத பகுதி. முகப்புரையில் அந்தச் சொல் சேர்த்ததை எதிர்த்த மனுக்களையும் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அப்படியானால் கோவிலுக்குள் அரசுக்கு என்ன வேலை?

நல்ல கேள்வி. சார்பின்மை என்றால் தள்ளி நிற்பதுதானே, இங்கே கர்நாடகத்தில் கோவில்களைக் கவனிக்கும் முஸ்ராய் துறை, தமிழ்நாட்டில் அறநிலையத் துறை என்று அரசு உள்ளே உட்கார்ந்திருக்கிறதே?

தள்ளி நிற்பதில் பல ரகம் உண்டு. அமெரிக்கா 1791-ல் செய்த முதல் திருத்தத்தின்படி அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது, மதம் கடைப்பிடிப்பதைத் தடுக்கவும் கூடாது. பிரான்ஸ் 1905 சட்டத்தால் திருச்சபையையும் அரசையும் பிரித்தது, 2004-ல் அரசுப் பள்ளி மாணவர்கள் பளிச்சென்று தெரியும் மத அடையாளங்களை அணிவதற்கும் தடை போட்டது. இங்கிலாந்தில் மன்னரே அரசுத் திருச்சபையின் தலைவர், மேலவையில் 26 ஆயர்கள் உட்காருகிறார்கள். அங்கேயும் மக்கள் சுதந்திரமாகத்தான் வாழ்கிறார்கள்.

நம் நாட்டில் கதை வேறு. இங்கே கோவில் வாசலிலேயே மக்களைத் தடுத்து நிறுத்தினார்கள். மதுரை மீனாட்சி கோவிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் கால் வைத்தது 1939 ஜூலையில்தான், அதுவும் வைத்தியநாத ஐயர் போன்றவர்கள் துணிந்து அழைத்துப்போனதால். அரசு வெளியே நின்று வேடிக்கை பார்த்திருந்தால் அந்தக் கதவுகள் பல ஊர்களில் இன்னும் மூடியேதான் இருக்கும். அதனால்தான் 25-வது பிரிவே, இந்துக் கோவில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிட அரசு சட்டம் போடலாம் என்கிறது. எவ்வளவு தள்ளி நிற்பது, எப்போது உள்ளே வருவது என்பதை மனித சமத்துவத்தை வைத்து முடிவுசெய்வதுதான் இந்திய முறை.

உள்ளே வந்தாலும் ஒரு கோடு உண்டு. உடுப்பி ஷிரூர் மடத்தின் வழக்கில், அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது, 1954-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்டைப் போட்டது: சமயக் காரியத்தில் அரசு கை வைக்கக் கூடாது, சொத்து நிர்வாகத்தைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம். எந்த மந்திரம், எத்தனை கால பூஜை என்பது கோவிலின் விஷயம். உண்டியலை எண்ணுவதும் நிலக் குத்தகையும் உலகியல். 1972-ல் சேஷம்மாள் வழக்கு ஒரு படி மேலே போனது. தமிழ்நாட்டில் அர்ச்சகர் பதவி பரம்பரையாக வருவதை ஒழித்த சட்டம் செல்லும், அர்ச்சகரை நியமிப்பதே ஓர் உலகியல் செயல்தான், ஆனால் ஆகமம் கேட்கும் தகுதிகளைப் பார்க்க வேண்டும் என்றது.

கோவில்களை மட்டும் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார்களே, மற்றவர்களுக்கு அப்படி இல்லையே என்ற மனக்குறையை நம் வீடுகளில் கேட்கிறோம். அதைக் கேட்பவரை வெறியர் என்று சொல்லி வாயை அடைப்பது தப்பு. வக்ஃப் சொத்துகளுக்கும் சட்டப்படி வாரியம் இருக்கிறது, குருத்வாராக்களுக்கு 1925-லேயே பஞ்சாபில் சட்டம் வந்தது, தேவாலயங்கள் பெரும்பாலும் டிரஸ்ட், சொசைட்டி வழியாக நடக்கின்றன. அளவுகள் ஒன்றுபோல் இல்லை என்பது உண்மைதான். அப்படிக் கேட்பதே மதச்சார்பின்மையை வைத்துத்தான் என்பதைக் கவனியுங்கள்: எல்லோருக்கும் ஒரே அளவுகோல் எங்கே என்கிறீர்கள்.

சாமி கும்பிடுகிறவருக்குத்தான் இது அதிகம் தேவை

பஸ் நிறுத்தத்துப் பெரியவர் சொன்னதற்கு வருவோம். நாத்திகம் என்பது கடவுள் இல்லை என்று ஒரு மனிதர் வந்தடையும் முடிவு. பெரியார் அதை மேடைக்கு மேடை சொன்னார், சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. அரசு அப்படிச் சொல்ல முடியாது. கடவுள் உண்டு என்றும் சொல்ல முடியாது.

1985-ல் கேரளத்தில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள், கடவுளைத் தவிர வேறு எதையும் பாடக் கூடாது என்பது அவர்களின் நம்பிக்கை. உங்களுக்கும் எனக்கும் அது வினோதமாகப் படலாம். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நிற்பதே மரியாதை, பாடித்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, நம் மரபு சகிப்பைக் கற்றுத்தருகிறது, அதை நீர்க்க விடக்கூடாது என்று எழுதினார்கள். அந்தப் பிள்ளைகள் தீவிரமான பக்தர்கள். அவர்களைக் காப்பாற்றியது மதச்சார்பற்ற அரசமைப்பு.

2022-ல் கர்நாடகத்தில், வகுப்பறையில் முஸ்லிம் மாணவிகள் தலைத்துணி அணியத் தடை போட்ட ஹிஜாப் விவகாரம் வந்தபோதும் இதே கேள்விதான். உயர் நீதிமன்றம் மார்ச்சில் தடையைச் சரி என்றது, அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: வகுப்பில் பாடம் நடத்தும் ஆசிரியர் அரசின் இருக்கையில் இருக்கிறார், பெஞ்சில் உட்காரும் பிள்ளை குடிமகளாக வருகிறாள். விதி இருக்கைக்கு. பிள்ளையின் தலைத்துணியை அளந்துகொண்டிருப்பது விதியைத் திருப்பிப் போட்டுப் படிப்பது.

இதுவரை பார்த்தது: மதச்சார்பின்மை நாத்திகம் ஆகாது, கோவிலைப் பூட்டுவதும் ஆகாது. மதத்தின் உலகியல் பக்கத்தில் அரசு வரலாம், அநீதி நடந்தால் வர வேண்டும், கருவறையின் வழிபாட்டு முறையை அது எழுதக் கூடாது.

நல்லிணக்கம் வேறு, சார்பின்மை வேறு

பெங்களூரு கரகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சித்திரைப் பௌர்ணமி இரவு தர்மராயர் கோவிலிலிருந்து மல்லிகை மணக்க வரும் கரகம், காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவில் நின்றுவிட்டுத்தான் போகும். இதை மேடையில் 'செக்குலரிசத்துக்கு எடுத்துக்காட்டு' என்பார்கள். எனக்கும் அந்தக் காட்சி கண்ணில் நீர் வரவைக்கும். ஆனால் அதன் பெயர் மத நல்லிணக்கம். அது மக்கள் மக்களோடு வைத்திருக்கும் உறவு, அன்பில் நிற்பது. அக்கா மகன் இரண்டு கோவிலுக்கும் போவதும் இந்த வகைதான். அன்பு குறையும் வருடமும் வரலாம். கலவரம் வெடித்த அன்று போலீஸ் நிலையத்துக்குப் புகார் கொண்டுபோகும் ஒருவருக்கு, ஆய்வாளர் பெயரைப் பார்க்காமல் வழக்குப் பதிவு செய்வாரா என்பதுதான் கேள்வி. அதற்கு விதி வேண்டும்.

பண்பாடு எது, மதம் எது என்பதில் கோடு இன்னும் மங்கல். அல்சூர் தமிழ்ச் சங்கத்தின் பொங்கலில் எல்லோரும் கரும்பு கடிக்கிறோம். மைசூரு தசராவைக் கர்நாடக அரசே மாநில விழாவாக நடத்துகிறது. அதைக் கவிஞர் நிசார் அகமது 2017-ல் தொடங்கிவைத்தார். 2025-ல் எழுத்தாளர் பானு முஷ்தாக்கை அழைத்தபோது எதிர்த்து வழக்கே போட்டார்கள், உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை. அரசுப் பணத்தில் அரசு நடத்தும் விழா என்றால், தொடங்கிவைக்க மதத் தகுதி கேட்க முடியாது. கோவிலுக்குள் யார் பூஜை செய்வது என்பது தனிக் கேள்வி.

வோட்டு கேட்கும்போது

1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-வது பிரிவு, மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பதை முறைகேடு என்கிறது. வேட்பாளரின் மதம் மட்டுமா, வாக்காளரின் மதத்தைச் சொன்னாலும் தப்பா என்று நீண்ட நாள் குழப்பம் இருந்தது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகளில் 4 பேர், வாக்காளரின் மதத்தைச் சொன்னாலும் தப்புதான் என்றார்கள். எம்.எல்.ஏ. ஆனவர் தனக்கு வோட்டுப் போடாத தெருவுக்கும் எம்.எல்.ஏ. தானே. நடைமுறையில் என்ன நடக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் இந்த விதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

செய்தியில் ஏதாவது படித்துக் குழப்பமாக இருந்தால் நான் ஒன்று செய்வேன். அந்தச் செய்தியில் மதத்தின் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். அரசு ஒரு காரியத்தை இந்த மதத்துக்குச் செய்தபோது சரி என்று தோன்றி, அதையே அடுத்த மதத்துக்குச் செய்தால் வயிற்றைப் பிசைந்தால், எங்கேயோ சாய்ந்திருக்கிறேன் என்று அர்த்தம். பல நாள் அது நானாகவே இருந்திருக்கிறேன், அந்த 48,000 ரூபாய் கணக்கை வாசித்த நாள் உட்பட.

போன மாதக் கூட்டத்தில் ஹால் கேட்கும் விண்ணப்பப் படிவத்தைப் புதிதாக அச்சடித்தோம். இரண்டாவது மாடிக்காரர் ரம்ஜான் நோன்பு திறக்க ஒரு மாலை கேட்டிருந்தார், விநாயகர் குழு ஐந்து நாள் கேட்டிருந்தது. படிவத்தில் இப்போது பெயர், வீட்டு எண், தேதி, நேரம், முன்பணம் என்று ஐந்து கட்டங்கள். பழைய படிவத்தில் ஆறாவதாக 'என்ன விழா' என்று ஒன்று இருந்தது, அதை எடுத்துவிட்டோம்.